மேல் அம்பை அழுத்தினால் வருவது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். போடியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும். ஏலக்காய் குடோன்காரர் ஒருவர் கீபோர்டு முழுக்க டீயைக் கொட்டிவிட்டு, வாங்கினதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது என்று சாதிப்பார். இன்னொருவர் மானிட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து வைரஸ் எடுக்கச் சொல்வார். கத்துவேன். கத்திவிட்டு வேலையை முடித்துக் கொடுப்பேன். அதனால்தான் வாயைப் பொறுத்துக்கொண்டு இன்னும் வருகிறார்கள்.

சந்திரவல்லி போன் செய்தபோதும் ஒரு ஆளைப் பார்த்துக் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

"அண்ணே, சோலியா இருக்கீகளா?"

"சொல்லு ஆத்தா."

"கம்ப்யூட்டர்ல அவுக பேசுனது வர மாட்டேங்குதுண்ணே. பழசுதான் வருது. கடைசியாப் பேசுனது வரல. வெரசா வந்து பாத்துட்டுப் போறீகளா?"

அவுக என்றது அவள் புருஷன் சுருளிவேலை. என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. அவன் செத்துக் கருமாதியும் முடிந்திருந்தது.

செத்தவன் பேசினது எப்படிக் கம்ப்யூட்டரில் வரும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுருளிவேல் சென்னைக் கம்பெனி ஒன்றின் சர்வர்களைப் போடியில் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தான். டெர்மினல் பைத்தியம். டெர்மினல் என்றால் வெறும் கறுப்புத் திரை. அதில் படம் கிடையாது, அமுக்கப் பொத்தான் கிடையாது. எழுத்தில் ஒரு கட்டளையை அடித்து என்டர் தட்டினால் மெஷின் செய்யும். அவன் மெஷினில் மவுஸே கிடையாது. நான் ஒருமுறை கடையிலிருந்து சும்மா ஒரு மவுஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மாப்ளே, இத வச்சு எலி புடிக்கவா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்படி ஒரு திமிர்.

போன வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் காட்டினோம். குரல்வளையையே எடுத்தாக வேண்டும், அப்புறம் பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அழுதேன். அந்தக் கிராதகன் அழவில்லை. "குரலு போறதுக்குள்ள அதை ஒரு காப்பி எடுத்துருவோம் மாப்ளே," என்றான்.

ஊருக்குள் எங்கே பதிவு செய்வது? ஆட்டோச் சத்தம், கோயில் ரேடியோச் சத்தம். அதனால் மலைக்கு மேலே போனான். அவன் தங்கச்சி கற்பகம் போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டின லயத்தில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஏலச்செடிகளுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மைக்கை வைத்துக்கொண்டு, நாள் கணக்கில் வாசித்தான். பேப்பரை வாசித்தான், ரேஷன் கார்டை வாசித்தான், மருந்தடிக்கிற டப்பாவில் இருக்கிற எச்சரிக்கையை வாசித்தான். ஒன்றுமே இல்லாதபோது என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டி அதையும் பதிவு செய்தான். அதையெல்லாம் மெஷினுக்குப் போட்டுப் பழக்கி, நாம் எதை அடித்தாலும் அவன் குரலிலேயே பேசுகிற மாதிரி செய்துவிட்டான்.

அந்தக் கட்டளைக்கு அவன் வைத்த பேர் 'பேசு'. 'பேசு' என்று அடித்து, பக்கத்தில் சொல்ல வேண்டியதை அடித்து, என்டர் தட்டினால் ஸ்பீக்கரில் சுருளிவேல் பேசுவான். பின்னால் லேசாகச் சில்வண்டுச் சத்தமும் கேட்கும். தோட்டத்தில் பதிவு செய்ததால் அதுவும் கூடவே ஒட்டிக்கொண்டது. எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று கையைக் காட்டினான். அப்போது ஆபரேஷன் முடிந்திருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. தமிழைத்தான் அடிப்பான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில், அதுவும் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு. எனக்கே படிக்க வராது. மெஷினுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஏதோ எழுதி வைத்திருந்தான். அதனால் அவன் சொல்வதைச் சந்திரவல்லி படித்தது கிடையாது. கேட்கத்தான் செய்வாள்.

அவள் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் படுத்தபின் அந்த வேலைதான் வீட்டை ஓட்டியது. காலையில் போனால் சாயங்காலம் வருவாள். அவள் இல்லாத நேரத்தில் கேஸ்காரன் வருவான், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், தம்பி மொக்கச்சாமி வருவான். எல்லாரிடமும் சுருளிவேல் அடித்து அடித்துப் பேசுவான்.

டெர்மினலில் ஒரு வசதி உண்டு. கீபோர்டில் மேல் நோக்கிய அம்பை ஒரு தடவை அழுத்தினால், கடைசியாக அடித்த வரி திரும்ப வந்து நிற்கும். இன்னொரு தடவை அழுத்தினால் அதற்கு முந்தினது. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். வேண்டிய வரியில் நிறுத்தி என்டர் தட்டினால் மெஷின் அதையே மறுபடி செய்யும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் சுருளிவேல்தான்.

அது அந்த வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சந்திரவல்லி வந்ததும் ஏலக்காய் வாசம் மாறாத கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வாள். மேல் அம்பு, என்டர். மேல் அம்பு, என்டர். அன்றைக்கு அவன் பேசியதையெல்லாம் கடைசியிலிருந்து முதல் வரை கேட்பாள். சிரிப்பாள். "கேஸ்காரன எதுக்கு அப்பிடி வஞ்சீக?" என்று கேட்பாள். அவன் கட்டிலில் சாய்ந்தபடி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கல்யாணமாகிப் பத்துப் பதினைந்து வருஷத்தில் அவன் பேச்சை அவள் இத்தனை கவனமாகக் கேட்டிருக்க மாட்டாள். பிள்ளை இல்லாத வீடு. அந்தச் சத்தம்தான் அங்கே இருந்த கலகலப்பு.

ஒரு தடவை என் முன்னாலேயே கேட்டாள்: "இதெல்லாம் அழிஞ்சு போகாதா?"

அவன் அடித்தான். "எங்கயும் போகாது வல்லி. எல்லாம் உள்ளதான் இருக்கும்," என்று ஸ்பீக்கர் சொன்னது.

ஆடி மாசக் காற்றுக்குப் போடியில் கரண்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரண்டு போனால் நமக்கு ஃபேன் நிற்கும். அவனுக்குப் பேச்சே நின்றுவிடும். ஒருநாள் அவள் வேலையில் இருந்தபோது கரண்டு போய், இவனுக்கு இருமல் வந்து, யாரையும் கூப்பிட வழியில்லாமல் தட்டை எடுத்துச் சுவரில் அடித்திருக்கிறான். அதற்கப்புறம்தான் கரண்டு போனாலும் பேட்டரியில் மெஷினை ஓட்டுகிற பெரிய யுபிஎஸ் ஒன்றை என் கடையிலிருந்து கொண்டுபோய் மாட்டினேன். அதற்கென்று ஹாலில் பெரிய பின் பிளக்குக்குத் தனி பாயிண்ட் போட வைத்தோம். அன்றையிலிருந்து அவன் மெஷினை அணைக்கவே இல்லை. திரை மட்டும் தானாக இருண்டுகொள்ளும். ஒரு விசையைத் தட்டினால், விட்ட இடத்திலேயே அதே டெர்மினல் நிற்கும்.

இவ்வளவுதான் பழைய கதை.

நான் போனபோது மொக்கச்சாமியும் இருந்தான். தோட்டத்துக்கு வேலையாள் ஏற்றிப்போகிற ஜீப்பு அவனுடையது. ஜீப்பை வாசலில் விட்டுவிட்டு அண்ணிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தான்.

"என்னதான் வருது, போடு பாப்போம்," என்றேன்.

சந்திரவல்லி மேல் அம்பை அழுத்தி என்டர் தட்டினாள்.

சில்வண்டு கேட்டது. அப்புறம் அவன்: "எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன் வல்லி, காதுல விழுகலையா?"

அந்த எரிச்சல்கூட அவனுடையதேதான்.

"இதுதாண்ணே வருது. இதுக்கு முன்னாடி உள்ளதும் வருது. இதுக்குப் பெறகு ஒண்ணுமில்ல. இது நீங்க அந்தப் பேட்டரிப் பெட்டிய மாட்டுறதுக்கு வந்த அன்னைக்குச் சொன்னது. நான் அடுப்படியில இருந்தேன், உங்களுக்கு டீ போடச் சொல்லிக் கூப்புட்டாக. அதுக்குப் பெறகு எம்புட்டுப் பேசியிருக்காக! எல்லாம் எங்கண்ணே?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கடைசியா என்ன பேசுனான், ஒனக்கு ஞாபகமில்லையா?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இருந்தா எதுக்குண்ணே உங்களக் கூப்புடுறேன்?" என்றாள். அப்புறம் அந்தக் காலையைச் சொன்னாள்.

அவன் செத்த அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. அவனுக்குக் கஞ்சிதான் இறங்கும். சோற்றைக் குழைய வேகவைத்து மிக்சியில் அடித்துக் கொடுக்க வேண்டும். மிக்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஹாலில் ஸ்பீக்கர் பேசியது அவள் காதில் விழுந்தது. என்னவென்று புரியவில்லை.

"வழக்கமா ரெண்டு வார்த்த, மூணு வார்த்ததான் அடிப்பாக. கையி நடுங்கும்ல. அன்னைக்கு நீளமாப் பேசுனாகண்ணே. இந்தா வர்றேன், மிக்சி ஓடுதுன்னு கத்துனேன். அப்பயும் பேசிக்கிட்டே இருந்துச்சு. அடிச்சு முடிச்சுட்டு வந்து பாத்தா கண்ண மூடிப் படுத்திருக்காக. கையி கீபோர்டுலயே இருக்கு. ராத்திரிப் பூரா இருமிக் கெடந்த மனுசன், தூங்கட்டும்னு விட்டுட்டேன். மேல் அம்ப அமுக்குனா ஸ்பீக்கரு சத்தத்துக்கு முழிச்சுக்கிருவாகள்ல? எந்திரிச்சதும் கேட்டுக்கிருவோம், எங்க போயிரப் போகுதுன்னு நெனச்சேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் கஞ்சியோடு போய் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்திருக்கிறது.

"என்னமோ சொல்லிட்டுப் போயிருக்காகண்ணே. எனக்குத்தான் சொல்லியிருக்காக, வீட்டுல வேற யாருமில்ல. அது மட்டும் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அடித்த வரிகளையெல்லாம் மெஷின் எழுதி வைக்கிற ஃபைலைத் திறந்தேன். அவள் சொன்னது சரி. கடைசி வரி அந்த டீ வரிதான்.

இதை எப்படி அவளுக்கு விளக்குவது? டெர்மினலில் நாம் அடிக்கிற வரிகளை மெஷின் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதுவதில்லை. மெமரியிலேயே வைத்திருக்கும். டெர்மினல் ஓடுகிற அந்தத் திரை ஜன்னலை முறையாக மூடும்போதுதான் மொத்தத்தையும் ஃபைலில் எழுதும். யுபிஎஸ் வருவதற்கு முன்னால் சுருளிவேல் தினமும் படுக்கும்போது முறையாக மூடிவிட்டு மெஷினை அணைப்பான். அதனால் அதெல்லாம் தங்கியது. யுபிஎஸ் மாட்டுவதற்காக அன்றைக்கு மூடி அணைத்ததுதான் கடைசி, அதன்பின் மூடவே இல்லை. மாசக்கணக்கில் ஒரே ஜன்னல். அவன் பேசினது பூராவும் மெமரியிலேயே நின்றது. மெமரிக்குக் கரண்டு இருக்கிறவரைதான் உயிர்.

உடனுக்குடன் எழுதிவைக்கச் சொல்லி ஒரே ஒரு வரி போட்டால் போதும். கம்பெனி சர்வர்களில் எல்லாம் அதைப் போட்டுத்தான் வைத்திருப்பான், எனக்கே அவன்தான் சொல்லிக் கொடுத்தான். சொந்த வீட்டு மெஷினில் போடவில்லை. தான் தண்ணி கேட்டதையும் கேஸ்காரனைத் திட்டியதையும் எவன் சேர்த்துவைப்பான் என்று நினைத்திருப்பான். மடையன். செத்த பிறகும் அவனை அறையலாம் போல இருந்தது.

நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவளே சுருக்கிவிட்டாள்.

"பொறுக்குன காய மடியில சேத்து வச்சுக்கிட்டு, சாயங்காலம் எந்திரிக்கையில சாக்குல கொட்டுவோம்ல. அது மாதிரியாண்ணே?"

"அதே மாதிரிதான் ஆத்தா."

"அப்ப இன்னும் மடியிலதான இருக்கும்? அவுக மூடலையே."

"மெஷினு ஓடிக்கிட்டே இருந்திருந்தா இருக்கும். நடுவுல அணைஞ்சிருக்கு. கருமாதி முடிஞ்சு நீ போடுறப்ப புதுசாத்தான கெளம்புச்சு?"

"ஆமா. நான்தான் பொத்தான அமுக்குனேன்."

அப்போதுதான் என் கண் யுபிஎஸ்ஸின் மேல் போனது. அதன் பிளக் பாயிண்டில் இல்லை. சுற்றி மேலே வைத்திருந்தது. மெஷினைச் சாதாரண பாயிண்டில் சொருகியிருந்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இத எவன் புடுங்குனது?"

மொக்கச்சாமி தரையைப் பார்த்தான். இவன்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

"டேய், ஒன்னத்தாண்டா கேக்குறேன். எழவு வீட்டுல போன் சார்ஜ் போடணும்னு புடுங்குனியா? அறிவிருக்காடா ஒனக்கு? நான் என்ன சொல்லி மாட்டுனேன், யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான மாட்டுனேன்? அது பிளக்கு இல்லடா, ஒங்கண்ணன் கொரவள! டாக்டரு ஒருதடவ அறுத்தான், நீ ரெண்டாந்தடவ அறுத்துட்ட. அந்த மனுசன் சாகப்போறப்ப பொண்டாட்டிகிட்ட சொன்னத ஒரேயடியாக் கொன்னுபுட்டியேடா பாவி. ஒரு நிமிசம், புடுங்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருந்தா..."

மொக்கச்சாமி தலையே நிமிரவில்லை. மீசைக்காரன், மலைப்பாதையில் கேரளாக்காரனோடு மல்லுக்கு நிற்கிறவன், பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டு நின்றான். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "வாயத் தொறந்து சொல்லேண்டா!" என்று கத்தினேன்.

"அவர வையாதீகண்ணே," என்றாள் சந்திரவல்லி. "நான்தான் புடுங்கச் சொன்னேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"கற்பகம் வர முடியாமப் போச்சுல. மழைக்கு மலைரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. நீங்கதான ஜீப்ப எடுத்துக்கிட்டு கம்பம்மெட்டு வழியா சுத்திப் போனீக. மறுநா வரைக்கும் ஒடம்ப வைக்கணுமே. ஐஸ் பெட்டி கொண்டாந்தாக. பெரிய பின்னு வேணும்னான் அந்தாளு. இந்த வீட்டுல பெரிய பின்னுக்கு ஒரே எடந்தான் இருக்கு."

அவள் குரலில் அழுகை இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

"மொக்கச்சாமி சொன்னாரு, அண்ணி, அது அண்ணனோட மெஷினு பிளக்குன்னு. நான்தான், இனி அவுகளுக்கு என்னத்துக்கு, புடுங்குங்கன்னேன். புடுங்குனதும் உங்க பேட்டரிப் பெட்டி கீங்கீங்குன்னு கத்த ஆரம்பிச்சுச்சு. பொம்பளைக அழுகச் சத்தத்துக்கு மேல கத்துச்சு. வந்த சனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அத அமத்துங்கன்னு சொன்னதும் நான்தான். அவுக ஒடம்பு கெட்டுறக் கூடாது, கற்பகம் வந்து மொகத்தப் பாக்கணும், அது ஒண்ணுதாண்ணே நெனப்பு."

ஐஸ் பெட்டிக்குள் அவன் முகத்தை நான் பார்த்தேன். கற்பகத்தைக் கூட்டிக்கொண்டு மறுநாள் காலையில் வந்தபோது, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். தூங்குகிற மாதிரிதான் இருந்தான். ஒரு குறையும் இல்லை. நல்லபடியாக வைத்திருக்கிறார்கள் என்று அப்போது நானே அவளிடம் சொன்னேன்.

இப்போது என்ன சொல்வது? "அது அப்பிடி இல்ல ஆத்தா, பிளக்கு இருந்தாலும் போயிருக்கும், பேட்டரி ஏற்கெனவே வீக்கு..." என்று உளறினேன்.

"இப்பத்தான் வேற மாதிரி சொன்னீக," என்றாள்.

நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே.

ஏதாவது செய்தாக வேண்டும். "இரு, ஒரு வழி இருக்கு," என்றேன். பொய்யில்லை. மெமரி நிறைந்துபோனால் மெஷின் சிலநேரம் கொஞ்சத்தை டிஸ்க்கில் ஒதுக்கிவைக்கும். டிஸ்க் முழுக்க, ஒரு மூலை விடாமல், 'பேசு' என்ற கட்டளை எங்கெங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லிவிட்டேன். வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தபோது மனசு கேட்கவில்லை. மொக்கச்சாமிகூட எழுந்து வந்து பின்னால் நின்றான். சந்திரவல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொரு வரியாக எடுத்து ஓட விட்டோம். 'சுடுதண்ணி'. 'ஜன்னல சாத்து'. 'கேஸ் நாளைக்கு வா'. 'மொக்க, ஜீப்புக்கு டயர மாத்துடா'. ஒவ்வொன்றுக்கும் சில்வண்டு, அவன் குரல். ஒவ்வொன்று முடிந்ததும் "இது பழசு" என்று அவள் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அதையேதான் சொன்னாள். எது என்றைக்குச் சொன்னது, எந்த நேரத்துக்குச் சொன்னது என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. ஆடிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

தேடி முடித்து மெஷின் நின்றது. அவ்வளவுதான். இனி உலகத்தில் யார் வந்தாலும் எடுக்க முடியாது.

"அண்ணிக்குத் தண்ணி கொண்டாறேன்," என்று அடுப்படிப் பக்கம் போன மொக்கச்சாமி, என்னைக் கண்ணைக் காட்டி அழைத்தான். காதருகில் வந்து சொன்னான். "அண்ணே, பேசுற மெஷினு நல்லாத்தான இருக்கு? எத அடிச்சாலும் அண்ணன் கொரல்லதான பேசும்? நீங்களே ஏதாச்சும் ஒண்ணு அடிச்சு, கெடச்சிருச்சுன்னு சொல்லிருங்க. அண்ணி நெனச்சு நெனச்சே செத்துரும்ணே. ஒங்க வாயாலதான் இம்புட்டும் ஆச்சு. நான் பேசாமத்தான நின்னேன்."

அவன் ஏன் தலை குனிந்து நின்றான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணிக்கு இது தெரியவே கூடாது என்று பழியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். நான்தான் விடாமல் நோண்டியிருக்கிறேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சந்திரவல்லி ஜன்னலோரமாகத் திரும்பி நின்றிருந்தாள். மேகம் மலையைப் பாதிவரை மூடியிருந்தது.

'பேசு' என்று அடித்தேன். பக்கத்தில் என்ன அடிப்பது? முப்பது வருஷப் பழக்கம். எங்களுக்குள் கிண்டலும் கெட்ட வார்த்தையும் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. அவன் பெண்டாட்டியிடம் என்ன சொல்வான்? நல்லா இரு என்பானா? மன்னிச்சுக்கோ என்பானா? அப்படியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை. ஆனால் நீளமாகப் பேசினானாம். 'வல்லி' என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

"அடிக்காதீகண்ணே."

திரும்பிப் பார்த்தேன். அவள் என் பின்னாலேயே நின்றிருந்தாள். மொக்கச்சாமி சொன்னதும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நல்லதுக்குத்தான் செய்யிறீகன்னு தெரியுது. ஆனா நீங்க அடிச்சா அதுவும் இதுக்குள்ள சேந்துரும்ல? அவுக கொரல்லயே இருக்கும். நாளப்பின்ன மேல் அம்ப அமுக்கையில எது அவுக பேசுனது, எது நீங்க பேசுனதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இருக்குறதும் பொய்யாப் போயிரும்ணே."

அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

எனக்குத் தெரிந்தது மெஷின் வேலை ஒன்றுதான். அதனால் அதைச் செய்தேன். எந்த வரியை அவன் போடாமல் விட்டானோ அந்த வரியைப் போட்டேன். அடித்த உடனேயே எழுதிவைக்க வேண்டும், எத்தனை ஜன்னல் திறந்தாலும் ஒன்றை ஒன்று அழிக்கக் கூடாது, எத்தனை ஆயிரம் வரியானாலும் பழையதைத் தள்ளிவிடக் கூடாது. எல்லாம் போட்டேன். சோதித்தும் பார்த்தேன். சட்டென்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன், கச்சிதமாக இருந்தது. வேலை சரியாக முடிந்த சந்தோஷத்தில் என்னை மறந்துவிட்டேன் போல.

"ஆச்சு ஆத்தா. இனிமே கரண்டு போனாலும் சரி, யாரு புடுங்கினாலும் சரி, பேசுனதுல ஒரு வார்த்த போகாது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"இனிமே பேச யாருண்ணே இருக்கா?"

மொக்கச்சாமி வாசலுக்குப் போய்விட்டான். ஜீப்பின் மேல் சாய்ந்து நின்று அவன் அழுவது உள்ளே கேட்டது.

"ஒரு ஒதவி செய்யிங்கண்ணே," என்றாள் சந்திரவல்லி. "இதுல இனி ஒண்ணும் சேராத மாதிரி பண்ணிருங்க. நான் அமுக்குனாக்கூட சேரக் கூடாது. கேக்க மட்டும் முடியணும். அது போதும்."

அதுவும் ஒரு கட்டளைதான். போட்டதையெல்லாம், அன்றைக்கு நான் அடித்த வரிகள் உட்பட, எடுத்தேன். ஃபைலைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டினேன். இரண்டு காப்பி எடுத்து ஒன்றை அவளிடம் கொடுத்தேன், ஒன்றை என் பையில் போட்டுக்கொண்டேன். சேர்த்துவைக்கிற வேலை அத்தோடு முடிந்தது. ஆபரேஷனிலிருந்து ஆடி மாசம் வரை ஒருத்தன் பேசின பேச்சு அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் உயிரோடு இருந்து, பேசி, அவள் தினமும் கேட்டுச் சிரித்த மாசங்கள் எதிலும் இல்லை.

யுபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போகவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

"கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போறீகளா?" என்று கேட்டாள். மிக்சியை இப்போதெல்லாம் போடுவதில்லையாம், கையாலேயே மசித்துக்கொள்கிறாளாம். நான் வேண்டாம் என்றேன். என்ன மனுஷன் நான், ஒரு வாய் குடித்திருக்கலாம்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மொக்கச்சாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். உள்ளே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. அப்புறம் கீபோர்டில் இரண்டு தட்டு. சில்வண்டு கேட்டது.

"எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன் வல்லி, காதுல விழுகலையா?"

"விழுகலைங்க," என்று அவள் பதில் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.